காலத்தில் கிடைக்கும் கணக்கு: சிவகங்கைச் சீமையின் பட்டறிவு

எளியோரின் நிலையைக் கணக்கெடுப்பது ஆட்சியாளரின் கடமை என்பதை இஸ்லாமிய வரலாறு தொடக்கத்திலேயே உணர்த்தியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ‘திவான்’ எனும் பதிவேட்டை நிறுவி, மக்களுக்கு உதவித்தொகை வழங்கினார்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கே அத்தொகை உண்டு என்பது முதலில் இருந்த விதி. அதன் பொருட்டுத் தாய் ஒருத்தி தன் கைக்குழந்தைக்கு முன்னதாகவே பாலை நிறுத்த முயல்வதை ஓரிரவில் அறிந்த கலீஃபா, பிறந்த நாள் முதலே தொகை உண்டு என அறிவித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தகவல் வந்தது, உடனே ஆணை மாறியது. கணக்கின் பயன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பொறுத்தது.

சிவகங்கைச் சீமை கண்மாய்களை நம்பி வாழும் வானம் பார்த்த பூமி. இப்பகுதி மதுரை ஜில்லாவில் அடங்கியிருந்த காலத்தில்தான், 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் சென்னை இராஜதானியை வாட்டியது. 1877இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியாளரின் கூலியை நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறு காசும் எனக் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று மருத்துவச் சான்றுகளுடன் வாதிட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் நேர்ந்த இழப்பு மீளாதது. 1871இல் ஏறத்தாழ 3 கோடியே 12 இலட்சமாக இருந்த இராஜதானியின் மக்கட்தொகை, 1881இல் 3 கோடியே 8 இலட்சமாகக் குறைந்திருந்தது. பத்தாண்டுக்கொரு முறை எடுக்கப்படும் அக்கணக்கு மாண்டோரை எண்ண உதவியதேயன்றி, வாழ்வோரைக் காக்க உதவவில்லை.

இப்பாடத்தால் 1880இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கையும், 1883 முதல் பஞ்ச விதித்தொகுப்புகளும் உருவாயின. தானிய விலையேற்றம், ஊர்விட்டு ஊர் அலையும் மக்கள், பெருகும் களவு ஆகியவற்றை முன்னறிகுறிகளாகக் கவனிக்கும்படி அதிகாரிகள் பணிக்கப்பட்டனர். ஆயினும் 1943இல் வங்கத்தில் அறிகுறிகள் யாவும் தெரிந்தும் அரசு பஞ்சத்தை முறைப்படி அறிவிக்கவில்லை. அறிவித்தால் விதிப்படி உணவு வழங்க வேண்டியிருந்தது. அதற்குரிய தானியம் அரசின் கையில் இல்லை. மாண்டோர் ஏறத்தாழ 30 இலட்சம் என்பர்.

இதற்கு மாறான முன்மாதிரி நம் பகுதியிலேயே உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் உலக வங்கியின் கடனுதவியுடன், மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோட்டமாகத் தொடங்கியது. பின்னர் அது விரிந்த ஆறு மாவட்டங்களுள், காரைக்குடியையும் சிவகங்கையையும் அன்று உள்ளடக்கியிருந்த இராமநாதபுரமும் ஒன்று. ஆறு முதல் முப்பத்தாறு மாதக் குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டனர். எடை கூடத் தவறிய குழந்தைக்குத் தொண்ணூறு நாள் சத்துணவு வழங்கப்பட்டது, தேறியதும் நிறுத்தப்பட்டது. கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாகப் பிந்தைய மதிப்பீடுகள் கூறின.

இதன் சிறப்பு தராசில் மட்டும் இல்லை. கணக்கை எழுதிய கிராமப் பணியாளரின் கையிலேயே அதற்கான பரிகாரமும் இருந்தது. கார்னிஷிடம் சான்று இருந்தது, ஆணையிடும் அதிகாரம் இல்லை; வங்கத்து ஆட்சியாளரிடம் அதிகாரம் இருந்தது, கடமையை ஏற்கும் துணிவு இல்லை.

2021 முதல் அங்கன்வாடிக் குழந்தைகளின் எடை ‘போஷண் டிராக்கர்’ செயலியில் பதிவாகிறது. சிற்றூரின் செய்தி தலைநகரை எட்ட இன்று கணப்பொழுது போதும். அங்கிருந்து அக்குழந்தையின் தட்டுக்கு உணவு திரும்பிவர எத்தனை நாளாகிறது என்பதே அக்கணக்கின் மதிப்பை அளக்கும் அளவுகோல்.