வேடமும் எழுத்தும்: நடிகர் தேர்வு முறைகளும் ஒடுக்கப்பட்ட பெண்களின் புதிய நாடகங்களும்

சமூக நாடகக் குழு ஒன்று நாடகம் போட முடிவெடுத்ததும் இரண்டு தேர்வுகள் நடக்கின்றன. எந்தப் பிரதியை எடுப்பது என்பது ஒன்று. எந்த வேடத்தை யாருக்குக் கொடுப்பது என்பது மற்றொன்று. முதலாவதை இலக்கிய வரலாற்றிலும் இரண்டாவதை நடிப்புப் பயிற்சியிலும் வைத்துத் தனித்தனியே ஆராய்வது வழக்கம். ஒடுக்கப்பட்ட பெண்களின் நாடக எழுத்தை இப்படிப் பிரித்துப் பார்த்தால் அதன் வரலாறு பிடிபடாது. அமெரிக்கக் கறுப்பினப் பெண் நாடகாசிரியர்களில் முன்னோடிகள் சிலர் நடிகைகளாக மேடைக்கு வந்தவர்கள்; தமக்குத் தரப்பட்ட வேடங்களின் போதாமையே அவர்களை எழுதத் தூண்டியது. தமிழில் பெண்கள் நாடக மேடைக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஆயினும் நாடகாசிரியர் வரிசையில் பெண் பெயர்கள் மிகக் குறைவு. தலித் பெண்களின் பெயர்கள் அதனினும் குறைவு. வேடம் வழங்கும் முறைக்கும் நாடகம் எழுதும் உரிமைக்கும் உள்ள உறவே இதற்கு முதன்மையான காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சபாவும் ஸ்பெஷல் நாடகமும்

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடித்தவர்கள் சிறுவர்கள். பையனைச் சபாவில் சேர்க்கும்போது வாத்தியார் முதலில் பார்த்தது குரலை. மேல் ஸ்தாயியில் நின்று பாடக்கூடியவனுக்கு ஸ்திரீபார்ட் எனும் பெண் வேடம் கிடைக்கும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் அந்த வேடம் அவனைவிட்டுப் போகும். பெண்ணின் பேச்சும் நடையும் அழுகையும் ஆணால் எழுதப்பட்டு, ஆணால் கற்பிக்கப்பட்டு, சிறுவனால் நடிக்கப்பட்டன. பெண்களை மட்டுமே கொண்டு கும்பகோணம் பாலாமணி அம்மாள் நடத்திய நாடகக் கம்பெனி இதற்குப் பெரும் விதிவிலக்கு. அங்கே கம்பெனியின் உரிமையே பெண்ணின் கையில் இருந்தது.

ஸ்பெஷல் நாடகம் பெண்களுக்கு நிலையான இடம் கொடுத்தது. அதில் நடிகர்கள் தனித்தனியே பேசி அமர்த்தப்படுகிறார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று அவரவர் வரிசை முன்பே முடிவாகியிருக்கும். கூட்டு ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் இரவு மேடையில்தான் ஒன்று சேர்வார்கள். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கம் இம்முறையின் உச்சம். நாரதராக வருபவர் எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது வள்ளிக்குத் தெரியாது. புராணம், இலக்கியம், உலக நடப்பு என எங்கிருந்தும் கேள்வி வரலாம். அதற்கு அந்த நொடியில் பதில் கட்டுபவள் நடிகை. நாடகத்தின் மிக உயிர்ப்பான பகுதி அவள் வாயில் பிறக்கிறது. ஆனால் விடிந்ததும் அந்தப் பேச்சு எந்தப் பிரதியிலும் ஏறுவதில்லை. நாடகம் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிற்கிறது. இரவெல்லாம் ஆசிரியராக இருந்தவள் ஏட்டில் நடிகையாக மட்டுமே எஞ்சுகிறாள். எழுதும் திறன் பெண்களிடம் இல்லாமல் போனதால் பெண் நாடகாசிரியர்கள் தோன்றவில்லை என்ற கருத்தை ஸ்பெஷல் நாடக மேடை மறுக்கிறது.

ஹார்லெம் தந்த முன்மாதிரி

1926இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸ், தம் மக்களின் நாடகத்துக்கு நான்கு அளவைகளை வகுத்தார். அது அவர்களைப் பற்றியதாக, அவர்களால் எழுதப்பட்டதாக, அவர்களுக்கானதாக, அவர்கள் குடியிருக்கும் பகுதிக்கு அருகில் நடப்பதாக இருக்க வேண்டும் என்றார். நான்காவது அளவை எளிதாகத் தோன்றினாலும் அதுவே அடித்தளமானது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 135ஆம் தெருவிலுள்ள பொது நூலகத்தின் நிலவறையில் அவருடைய கிரிக்வா குழு நாடகம் போட்டது. 1940இல் தோன்றிய அமெரிக்கன் நீக்ரோ தியேட்டரும் அதே நிலவறையில் இயங்கியது.

அமெரிக்கன் நீக்ரோ தியேட்டரில் நடிகையாக இருந்தவர் ஆலிஸ் சில்ட்ரெஸ். 1949இல் அவர் எழுதிய ‘ஃப்ளோரன்ஸ்’ ஓரங்க நாடகம், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி இருக்கைகள் கொண்ட தென்மாநில ரயில் நிலையத்தில் நடக்கிறது. நடிகையாக முயலும் மகளைத் திரும்ப அழைத்துவரப் புறப்பட்ட தாய், உதவுவதாகச் சொல்லும் வெள்ளையினப் பெண்ணைச் சந்திக்கிறாள். அந்தப் பெண் மகளுக்குத் தேடித்தர முன்வரும் வேலை வீட்டு வேலை! தாய் பயணத்தைக் கைவிட்டு, வழிச்செலவுப் பணத்தை மகளுக்கே அனுப்பிவைக்கிறாள். கறுப்பினப் பெண்ணுக்கு மேடையிலும் வெளியிலும் உலகம் ஒதுக்கிவைத்த ஒரே வேடம் வேலைக்காரி வேடம்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

1955இல் மேடையேறிய அவரது ‘ட்ரபிள் இன் மைண்ட்’ நாடக ஒத்திகையையே களமாகக் கொண்டது. வெள்ளையர் எழுதி வெள்ளையர் இயக்கும் நாடகத்தில் தாய் வேடம் ஏற்கிறாள் நடுவயது நடிகை விலெட்டா. கும்பல் கொலைக்கு ஆளாகப்போகும் மகனைத் தாயே கையளிப்பதாகப் பிரதி சொல்கிறது. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று அவள் கேட்கிறாள். அந்தக் கேள்வி அவள் வேலையையே ஆபத்துக்கு உள்ளாக்குகிறது. இந்நாடகத்தைப் பிராட்வேக்குக் கொண்டுசெல்ல முயன்றவர்கள் முடிவை மென்மையாக்கச் சொன்னார்கள். சில்ட்ரெஸ் இணங்கவில்லை. அவர் 1994இல் மறைந்தார். நாடகம் பிராட்வே மேடையைக் கண்டது 2021இல்தான்.

இடைப்பட்ட காலத்தில் 1959இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ பிராட்வேயில் அரங்கேறியது. அங்கு மேடையேறிய கறுப்பினப் பெண்ணின் முதல் நாடகம் அது. கலிஃபோர்னியாவின் மதுக்கூடங்களில் நடனமும் கவிதையுமாகத் தொடங்கிய என்டொசாகே ஷாங்கேயின் நிகழ்வு, 1976இல் ஏழு பெண்கள் தோன்றும் நாடகமாகப் பிராட்வேயை எட்டியது. சூசன்-லோரி பார்க்ஸ் 2002இல் புலிட்சர் விருது பெற்றார். லின் நாட்டேஜ் 2009இலும் 2017இலும் பெற்றார். நாட்டேஜின் ‘ரூயிண்ட்’ கொங்கோ போரில் சிதைக்கப்பட்ட பெண்களை நேரில் கண்டு கேட்ட வாக்குமூலங்களிலிருந்து உருவானது. சமூகத்தின் சொற்களிலிருந்து பிறந்த நாடகமும் ஆசிரியர் பெயரோடு, அச்சுப் பிரதியாக, பிறர் மீண்டும் மேடையேற்றத்தக்க வடிவில் நிலைக்கலாம் என்பதற்கு இது சான்று.

கறுப்பினக் கலைஞரை எந்த வேடத்திலும் நடிக்க வைத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்ற வாதமும் அங்கு எழுந்தது. 1996இல் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் அதைக் கடுமையாக மறுத்தார். பிறர் எழுதிய நாடகத்தில் இடம் தருவது, சொந்த நாடகத்துக்கும் சொந்த அரங்குக்கும் ஈடாகாது என்பது அவர் நிலைப்பாடு. தமிழ் மேடைக்கும் இது அப்படியே பொருந்தும்.

பட்டறை: வரவும் இழப்பும்

தமிழில் 1990களின் பெண்கள் அரங்கு நடிகர் தேர்வைவிடப் பட்டறையையே நம்பியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதரவில் 1993இல் தொடங்கிய மௌனக்குரல் அமைப்பின் வழியாக நாடக நெறியாளர் அ. மங்கை இதை முன்னெடுத்தார். பெண்சிசுக் கொலையைப் பேசிய ‘பச்ச மண்ணு’, பெண்ணின் வாழ்க்கைச் சடங்குகளையே காட்சிகளாக அடுக்கிக் கிராமம் கிராமமாகச் சென்றது. திருநங்கையர் பங்கேற்ற கண்ணாடி கலைக்குழுவிலும் மங்கை பணியாற்றினார்.

பட்டறையில் தோல்வி கிடையாது. வந்தவர் அனைவருக்கும் இடம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் உடலும் ஒப்பாரியும் குலவையும் நாடக மொழியாகின்றன. வட்டார வழக்கு மேடைத் தமிழுக்காகத் திருத்தப்படுவதில்லை. இவை எழுதப்பட்ட வசனத்தை வாசிக்கச் சொல்லித் தேர்ந்தெடுக்கும் முறையால் கிடைக்காத வரவுகள்.

இழப்பும் உண்டு. கூட்டாக உருவாகும் நாடகத்துக்குப் பெரும்பாலும் நெறியாளர் பெயரே நிலைக்கிறது. நடித்த பெண்கள் ஊர் திரும்பியதும் நாடகமும் கலைகிறது. அச்சுப் பிரதி இல்லாததால் வேறு குழு அதை எடுத்து நடத்த வழியில்லை. பிரதியாக நிலைத்தவற்றில் பெண்ணைப் பற்றி ஆண் எழுதியவை பல. மங்கை மேடையேற்றிய ‘ஔவை’ கவிஞர் இன்குலாப் எழுதியது. ‘பயங்கள்’, ‘ஆற்றைக் கடத்தல்’ போன்ற நாடகங்களை அம்பை எழுதியிருந்தும், சிறுகதைகளால்தான் அவர் பரவலாக அறியப்படுகிறார்.

தலித் பெண் எழுத்தும் நாடகமும்

பாமாவின் தன்வரலாறு ‘கருக்கு’ 1992இல் வந்தது. நாவலில் சிவகாமியும் கவிதையில் சுகிர்தராணியும் அசைக்க முடியாத இடம் பெற்றிருக்கிறார்கள். இதே காலத்தில் தலித் அரங்கும் வலுப்பெற்றது. கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ தமிழின் முன்னோடித் தலித் நாடகமாகப் போற்றப்படுகிறது. பலிக்குக் குறிக்கப்பட்ட தலித் ஆண் தனக்கு மாற்றாகத் தன் மனைவியைக் காட்டும் இடத்தில் அந்நாடகம் சாதிக்குள் இருக்கும் ஆணாதிக்கத்தை வெளிச்சமிடுகிறது. தலித் பெண்ணின் நிலையை அந்நாடகம் நேர்மையாகக் கேட்டது. அக்கேள்வியை எழுதியவர் ஆண்.

கதையும் கவிதையும் தனியே அமர்ந்து எழுதக்கூடியவை. நாடகத்துக்குக் கூட்டம் வேண்டும், ஒத்திகைக்கு இடம் வேண்டும், மாலை நேரம் வேண்டும், இரவில் வீடு திரும்பப் பேருந்து வேண்டும். கூலி வேலை முடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைத் தூங்க வைக்கும் பெண்ணுக்கு இவை நான்கும் ஒருசேரக் கிடைப்பதில்லை. ஆகவே தலித் பெண் எழுத்து நாடகத்தில் மெலிந்திருப்பது படைப்பாற்றல் சார்ந்த குறையன்று, உற்பத்தி நிலைமை சார்ந்த குறை.

வழி திறந்தால் எழுத்து வரும் என்பதற்கு அண்மைச் சான்றுகள் உள்ளன. கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பேசிய ‘மஞ்சள்’ நாடகத்தை இதழாளர் ஜெயராணி எழுதினார், ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கினார், பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் துணைநின்றது. 2014இல் தொடங்கிய பன்மை நாடகக் குழுவில் லிவிங் ஸ்மைல் வித்யா உள்ளிட்டோர் திருநர் வாழ்வைத் தாமே எழுதித் தாமே நடித்தனர். இவ்விரண்டு முயற்சிகளிலும் எழுதியவரின் பெயர் மறையவில்லை.

புதுச்சேரியின் வாய்ப்பு

இத்தகைய வழியைத் திறக்கக்கூடிய நாடக அமைப்புகள் புதுச்சேரியில் நிறையவே உள்ளன. காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளிக்கு நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி முதல் தலைமை ஏற்றார். குணசேகரன் அங்கேயே பணியாற்றினார். ஆரோவில் அருகே வீணாபாணி சாவ்லா வளர்த்த ஆதிசக்தி நாடக அமைப்பு இயங்குகிறது. அங்கு நடிகையாகப் பயின்ற நிம்மி ராஃபேல் ‘பாலி’, ‘ஊர்மிளா’ ஆகிய நாடகங்களின் படைப்பாளராக உயர்ந்தார். பழைய பத்தே திரையரங்கில் இயங்கிய இந்தியநோஸ்ட்ரம் குழு, குமரன் வளவன் இயக்கத்தில் சாதி ஆணவத்தைப் பேசும் ‘சண்டாளா’வைத் தந்தது.

இவை அமைந்த இடங்களைக் கவனிக்க வேண்டும்: வடக்கே பல்கலைக்கழக வளாகம், ஆரோவில் பக்கம், கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சு நகர்ப்பகுதி. உழைக்கும் குடும்பங்கள் நெருங்கி வாழும் மூலக்குளம், அரும்பார்த்தபுரம், வில்லியனூர் ஆகியன விழுப்புரம் சாலையில் மேற்கே நீள்கின்றன. டு போய்ஸ் சொன்ன அருகாமை இங்கேதான் தேவைப்படுகிறது. அப்பகுதிகளில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையோ சமுதாய நலக்கூடமோ மாலையில் திறந்திருந்தால், ஹார்லெம் நூலக நிலவறை செய்த வேலையை அது செய்ய முடியும். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் இதற்கு அருகிலுள்ள முன்னுதாரணம். பெண்களுக்கு மூடியிருந்த கூத்து மேடையில், பெண் குழந்தைகளை ஆண் பிள்ளைகளோடு சமமாகப் பயிற்றி வேடம் கட்ட வைத்தது அது.

தேர்வு முறையில் வேண்டிய மாற்றங்கள்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு நடைமுறைகள் பெறப்படுகின்றன. முதலாவது, நடிகர் தேர்வு வெளிப்படையான அழைப்பாக இருக்க வேண்டும். தெரிந்தவர் வழியாக வேடம் போகும்வரை சாதி வட்டத்துக்கு வெளியே அது போகாது. இரண்டாவது, தேர்வில் அச்சு வசனத்தை வாசிக்கச் சொல்வதோடு, வந்தவர் தம் வழக்கில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவும் இடம் தர வேண்டும். எழுத்தறிவும் மேடைத் தமிழும் நடிப்பாற்றலின் அளவுகோல்கள் அல்ல. தேர்வில் சொல்லப்பட்ட அந்த நிகழ்ச்சியே நாளைய நாடகத்தின் முதல் வரைவாகலாம்.

மூன்றாவது, பட்டறையில் பிறக்கும் ஒவ்வொரு நாடகத்துக்கும் பதிவாளர் ஒருவர் வேண்டும். பேச்சு பிரதியாகி, உருவாக்கிய பெண்களின் பெயர்களோடு அச்சேற வேண்டும். மறுபடி நடத்தும் குழு அவர்களிடம் அனுமதியும் உரிமைத்தொகைக்கான உடன்பாடும் பெற வேண்டும். நான்காவது, ஒத்திகையில் நடிகைக்குப் பிரதியைக் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும். விலெட்டாவின் கேள்வி அவள் வேலைக்கு உலைவைத்தது. அத்தகைய கேள்வி பிரதியைத் திருத்தும் அரங்கில்தான் நடிகை ஆசிரியராக வளர முடியும்.

பட்டறையைக் கைவிட்டு ஆடிஷனுக்கு மாறுவது இவற்றின் நோக்கமன்று. பட்டறை தரும் பங்கேற்பும், எழுத்துப் பிரதி தரும் நிலைபேறும் ஒரே அமைப்பில் இணைய வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தின் தர்க்கம் முதல் மௌனக்குரலின் பட்டறை வரை, தமிழ்ப் பெண்கள் மேடையில் ஆசிரியத்துவம் செலுத்தியே வந்திருக்கிறார்கள். அதைப் பெயரும் பிரதியும் உரிமையுமாக ஒப்புக்கொள்வது நாடகக் குழுக்களுக்கும் நிகழ்கலைப் பள்ளிகளுக்கும் பதிப்பகங்களுக்கும் உரிய கடமை. அக்கடமை நிறைவேறும்போது தலித் பெண்களின் நாடகம் தமிழ் நாடக இலக்கியத்தின் மையத்தில் தன் இடத்தைப் பெறும்.