யார் பொறுப்பு? டார்ஃபூரிலும் சோமாலியாவிலும் இரு அமைதிப் படைகள்

2007-ஆம் ஆண்டில் ஐ.நா. பாதுகாப்பு அவை ஆப்பிரிக்காவில் இரண்டு படைகளுக்கு ஒப்புதல் தந்தது. பிப்ரவரியில் சோமாலியாவுக்கு, ஜூலைக் கடைசி நாளில் சூடானின் டார்ஃபூருக்கு. இரண்டிலும் ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒன்றியமும் கைகோத்தன. களத்தில் நின்றவர்களும் பெரும்பாலும் ஆப்பிரிக்கச் சிப்பாய்களே. கைகோத்த விதம்தான் வேறு. அந்த வேறுபாட்டில்தான் பல்லாயிரம் பேரின் உயிர் தொங்கியது.

ஐ.நா. சாசனத்தின் 8-ஆம் அத்தியாயம் வட்டார அமைப்புகளுக்கு இடம் தருகிறது. உள்ளூர்ச் சச்சரவை முதலில் அவை தீர்க்க முயலலாம். ஆனால் பாதுகாப்பு அவையின் அனுமதி இல்லாமல் படைபலத்தைக் கையிலெடுக்கக் கூடாது என்கிறது 53-ஆம் பிரிவு. ஆப்பிரிக்க ஒன்றியமோ, ருவாண்டாப் படுகொலையின் வேதனை ஆறாத நிலையில், இனப்படுகொலை நடந்தால் உறுப்பு நாட்டுக்குள் தலையிடும் உரிமையைத் தன் அமைப்புச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. அனுமதி யாருடையது என்று ஓரளவு தெளிவாக இருக்கிறது. பணம் யாருடையது, கட்டளை யாருடையது என்பதுதான் தெளிவில்லாமல் விடப்பட்டது.

டார்ஃபூரில் 2003-இல் கிளர்ச்சி வெடித்தது. கார்ட்டூமில் இருந்த சூடான் அரசு ஜஞ்சவீத் குதிரைப்படைக் கும்பல்களுக்கு ஆயுதம் கொடுத்து ஏவிவிட, ஊர் ஊராகக் குடிசைகள் எரிந்தன. மறு ஆண்டு ஆப்பிரிக்க ஒன்றியம் போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்களை அனுப்பியது. அது மெல்ல வளர்ந்து ஏழாயிரம் பேர் அளவிலான படையானது. தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் பரந்த நிலத்துக்கு அந்த ஏழாயிரம் பேர் எம்மாத்திரம்? 2007 செப்டம்பரில் ஹஸ்கனிதா முகாமை ஆயுதக்குழுவினர் தாக்கி, ஒன்றியச் சிப்பாய்கள் பத்துப் பேரைக் கொன்றார்கள்.

அதற்கு ஓராண்டுக்கு முன்பே ஐ.நா. படையை அனுப்பப் பாதுகாப்பு அவை 1706-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. அதிபர் உமர் அல்-பஷீர் மறுத்துவிட்டார். பேரம் பேசிப் பேசிக் கிடைத்த சமரசம்தான் 1769-ஆம் தீர்மானம். இரு அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் ஒரே படையாக யூனாமிட் பிறந்தது. அனுமதித்த அளவு 19,555 படையினரும் 6,432 காவலர்களும். 2007 டிசம்பர் 31 அன்று பொறுப்பேற்றபோது இருந்தவர்கள் ஏறத்தாழ ஒன்பதாயிரம். அவர்களிலும் பெரும்பாலோர் பழைய ஒன்றியப் படையினரே. தொப்பியின் நிறம்தான் நீலமாக மாறியது. இருபத்துநான்கு ஹெலிகாப்டர்கள் கேட்டார்கள். பல மாதங்களாகியும் ஒரு நாடும் தரவில்லை. டார்ஃபூருக்காக வானளாவப் பேசிய மேற்கு நாடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படை ஆப்பிரிக்கத் தன்மை கொண்டதாக இருக்க வேண்டும் என்று தீர்மானத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒன்றியத்தின் மதிப்பைக் காக்க எழுதப்பட்ட அந்த ஏற்பாட்டைக் கார்ட்டூம் தனக்கு ஆயுதமாக்கிக்கொண்டது. ஸ்வீடன், நார்வே பொறியாளர் படையை வேண்டாம் என்றது. விசா தராமலும், துறைமுகத்தில் சரக்கை விடுவிக்காமலும் இழுத்தடித்தது. நியூயார்க்கில் உள்ள ஐ.நா. அழுத்தம் தந்தால் அடிஸ் அபாபாவில் உள்ள ஒன்றியத்திடம் முறையிட முடிந்தது. இதைவிடப் பெரிய பிளவு நீதியைப் பற்றியது. டார்ஃபூர் விவகாரத்தை 2005-இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது பாதுகாப்பு அவை. 2009 மார்ச்சில் அந்த நீதிமன்றம் பஷீருக்குப் பிடிவாரண்டு பிறப்பித்தது. ஜூலையில் ஆப்பிரிக்க ஒன்றியம், அவரைப் பிடித்துக்கொடுக்க ஒத்துழைக்க மாட்டோம் என்று முடிவெடுத்தது. ஒரே படையை நடத்தும் இரு அமைப்புகள், அந்நாட்டு அதிபர் குற்றவாளியா விருந்தாளியா என்பதிலேயே எதிரெதிராக நின்றால், ரோந்து போகும் சிப்பாய் யாருடைய சொல்லைக் கேட்பான்?

யூனாமிட்டின் செய்தித் தொடர்பாளராக இருந்த ஆயிஷா எல்பஸ்ரி 2013-இல் பதவி விலகினார். பொதுமக்கள் மீது அரசுத் தரப்பு நடத்திய தாக்குதல்களைப் படையே மறைக்கிறது என்று ஆவணங்களோடு வெளிப்படுத்தினார். ஐ.நா. நடத்திய மறுஆய்வும், சில நிகழ்வுகளில் படை முழு உண்மையைச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டது. ஒரு காவலுக்கு இதைவிடப் பெரிய தோல்வி இல்லை.

சோமாலியாவில் நடந்தது வேறு. 1993-இல் தலைநகர் மொகதிஷுவில் பாகிஸ்தான் படையினர் இருபத்துநான்கு பேரும், பின்னர் அமெரிக்கர் பதினெட்டுப் பேரும் மாண்ட பிறகு, அங்கே நீலத்தொப்பி போட்டுக்கொண்டு இறங்க ஐ.நா.வுக்கு மனமில்லை. எனவே ஒன்றியம் போனது. ஆமிசோம் என்ற பெயரில் 2007 மார்ச்சில் உகாண்டா வீரர்கள் இறங்கினார்கள். ஆண்டு இறுதியில் புருண்டி சேர்ந்தது. விமான நிலையம், துறைமுகம், அதிபர் மாளிகை, இவற்றை இணைக்கும் சாலை. ஆண்டுக்கணக்கில் அவர்கள் பிடித்து நின்றது அவ்வளவுதான். 2009-இல் அந்தப் படையினரிடையே பெரிபெரி நோய் பரவியது. வைட்டமின் பி1 குறைவால், அதாவது சரியான சாப்பாடு இல்லாததால் வருகிற நோய் அது. சிலர் அதில் இறந்தே போனார்கள்.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் பாதுகாப்பு அவை புதுவழி ஒன்றைத் திறந்திருந்தது. சண்டை ஒன்றியத்துடையது, எரிபொருள், உணவு, மருத்துவம், போக்குவரத்து ஆகியவை ஐ.நா.வின் பொது நிதியிலிருந்து. சிப்பாயின் மாதப்படியை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது: தலைக்கு 1,028 டாலர். அதில் ஏறத்தாழ 200 டாலரை அவரவர் அரசுகள் பிடித்துக்கொண்டன. 2011 ஆகஸ்டில், ஆமிசோம் எதிர்த்துப் போரிட்ட தீவிரவாத அமைப்பான அல்-ஷபாப் மொகதிஷுவை விட்டு வெளியேறியது. அடுத்த ஆண்டு கிஸ்மாயோ துறைமுகமும் அதன் கையைவிட்டுப் போனது.

இந்த இரண்டில் சோமாலிய வழியே மேல் என்பது என் முடிவு. படைத்தலைமை ஒரு பக்கம், பண்டகசாலை மறுபக்கம் என்று வேலை பிரிந்திருந்தது. எது தவறினால் யாரைக் கேட்பது என்று தெரிந்தது. உள்ளூர் அரசும் அந்தப் படையை விரும்பியது. டார்ஃபூருக்கு அந்த வாய்ப்பே இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த மேன்மைக்குள் ஓர் அநீதி இருக்கிறது. சாவு ஆப்பிரிக்கருக்கு, செலவுக் கணக்கு மற்றவருக்கு என்றாகிவிட்டது. 2016 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் தன் பங்கில் ஐந்தில் ஒரு பகுதியை வெட்டியது. அதே மாதம் 15-ஆம் தேதி சோமாலியாவின் எல் அட்டேயில் ஆமிசோமின் கென்யப் படைத்தளத்தை அல்-ஷபாப் சூறையாடியது. அண்டை நாடுகளே படை அனுப்பியதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கென்யாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் எல்லைக்கு அப்பால் சொந்தக் கணக்குகள் உண்டு. அவர்களின் தளபதிகள் பலமுறை மொகதிஷுத் தலைமையைவிடத் தங்கள் தலைநகரைத்தான் கேட்டு நடந்தார்கள்.

யூனாமிட்டின் பணி 2020 டிசம்பர் 31-இல் முடிந்தது. 2023 ஏப்ரலில் சூடான் மறுபடி எரிந்தது. ஜஞ்சவீத் வழிவந்த துணைப்படை, நெடிய முற்றுகைக்குப் பின் 2025 அக்டோபரில் டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரைப் பிடித்தபோது மக்களுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே எந்தப் பன்னாட்டுப் படையும் இல்லை.

2023 டிசம்பரில் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2719-ஆம் தீர்மானம், ஒன்றியப் படைகளின் செலவில் 75 விழுக்காடு வரை ஐ.நா.வின் கட்டாயப் பங்குத்தொகையிலிருந்து கொடுக்க வழிசெய்கிறது. சோமாலியாவில் 2025 ஜனவரியில் தொடங்கிய புதிய ஒன்றியப் படைக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்கா இசையவில்லை. அப்படை காசுக்குத் திண்டாடுகிறது. பாதுகாப்பு அவை தானே எழுதிய தீர்மானத்தைத் தானே நடைமுறைப்படுத்த வேண்டும். முதலில் சோமாலியாவில், போர்நிறுத்தம் வரும் நாளில் டார்ஃபூரிலும்.