கோப்பு நகராத கதை – அத்தியாயம் 5: பத்துப் பேர் கேட்ட கணக்கு

சென்ற வாரம் பதக்கங்களோடு நிறுத்தியிருந்தோம். 2009-ன் தொடக்கத்தில் டில்லியில் ஊர்வலம் போன முன்னாள் படைவீரர்கள், போர்முனையில் வாங்கிய பதக்கங்களைக் குடியரசுத் தலைவரிடமே திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தன. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த பிரதிபா பாட்டீல் முப்படைக்கும் தலைவர்தான். ஆனால் ஓய்வூதியக் கோப்பு அவர் மேசையில் இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்துக்குள், 2004 செப்டம்பரில் தொடங்கிய முன்னாள் படைவீரர் நலத்துறையில் கிடந்தது.

இந்தியப் பட்டாளத்துக்காரன் பென்ஷன் கதை ராகலையில் இருக்கிற நமக்கு எதற்கு என்று போன அத்தியாயத்துக்குப் பிறகு கேட்டவர்கள் உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அக்கரைக்குப் போன சொந்தம் ஒன்றாவது இல்லாத வீடு நம் பக்கத்தில் அபூர்வம். போனவர்களில் பலரை நீலகிரியில் அரசாங்கமே நட்ட தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அதே மலையில், குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனில்தான் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. நம் பெரியப்பா பிள்ளைகள் கொழுந்து எடுத்த மலையில்தான் அந்தச் சிப்பாய்கள் அணிவகுத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வயதான காலத்தில் வந்த கேள்வி ஒன்றே: உழைத்த காலத்துக்கு என்ன கணக்கு?

படைவீரர் கேட்ட கணக்கு சிக்கலானதில்லை. ஒரே பதவியில், ஒரே அளவு காலம் பணியாற்றிய இருவர் எந்த வருடம் ஓய்வு பெற்றாலும் ஒரே ஓய்வூதியம் வாங்க வேண்டும். பிறகு விகிதம் உயர்ந்தால் பழையவருக்கும் அது தானாகப் போய்ச் சேர வேண்டும். 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்று பெயர் வைத்தார்கள். நடைமுறையோ தலைகீழாக இருந்தது. ஒவ்வொரு சம்பளக் கமிஷன் வந்து போகும்போதும், அதற்கு முன் வீட்டுக்குப் போன ஹவில்தாருக்கும் பின்னால் போன ஹவில்தாருக்கும் இடையே பள்ளம் பெரிதானது. மூத்தவருக்குக் குறைச்சல், இளையவருக்குக் கூடுதல். அதோடு சிவிலியன் 60 வயது வரை சம்பளம் வாங்குவார். சிப்பாயை 35, 37 வயதிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பா ஓய்வூதியக்காரர்.

1973 வரை இந்தப் பள்ளம் இல்லை என்பது அவர்கள் வாதம். வங்கதேசப் போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில் மூன்றாவது சம்பளக் கமிஷன் வந்தது. சிப்பாயின் ஓய்வூதியம் 70 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்கியது என்றும், சிவிலியனுடையது 30-லிருந்து 50-க்கு ஏறியது என்றும் அவர்கள் கணக்குச் சொல்வார்கள். வென்று வந்தவர்களுக்கு அப்போது வலி உறைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

தெருவில் கேட்டாயிற்று, பதக்கத்தையும் கொடுத்தாயிற்று. மிச்சமிருந்தது பலரும் மறந்துபோன ஒரு கதவு. மாநிலங்களவையில் மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. உறுப்பினர்கள் பத்துப் பேர். சாதாரணக் குடிமகன் எழுதிய மனுவில் ஓர் உறுப்பினர் சேர்ந்து கையெழுத்திட்டால் அது அவைக்குப் போகும். அங்கிருந்து இந்தப் பத்துப் பேரிடம் வரும். நம்மூர்த் தொலைக்காட்சியில் கோப் குழு முன்னால் அதிகாரிகள் வியர்த்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கேமரா இல்லை. அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது மட்டும் பொது.

அப்போது குழுவின் தலைவர் பகத் சிங் கோஷ்யாரி. உத்தராகண்டின் முன்னாள் முதலமைச்சர். அந்த மலை மாநிலத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத கிராமத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கட்சி பா.ஜ.க.; ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். ஓய்வூதிய மனு வழியாக எதிர்க்கட்சிக்காரர் கையில் அரசாங்கத்தின் கோப்பு வந்து விழுந்தது.

பாதுகாப்பு அமைச்சகம் மூன்று தடைகளைச் சொன்னது: பணம், நிர்வாகம், சட்டம்.

பணத்தைத்தான் குழு முதலில் கையில் எடுத்தது. எல்லாப் பதவிக்கும் முழுமையாகக் கொடுத்தால் 2011-12-ல் எவ்வளவு ஆகும்? 1,300 கோடி ரூபாய் என்று பதில் வந்தது. அதில் 1,065 கோடி சிப்பாய் முதலான கீழ்ப் பதவியினருக்கு. அதிகாரிகளுக்கு 235 கோடி. இந்தப் பிரிவினையைக் கவனியுங்கள். ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் சாதாரணச் சிப்பாய்க்கும் அவன் விதவைக்கும் போகிற பணம். ஜெனரல்கள் தங்களுக்காகக் கத்துகிறார்கள் என்று அதுவரை பரப்பிய பேச்சு அந்த ஒரு வரியில் செத்தது. அந்த ஆண்டு இந்தியாவின் பாதுகாப்பு ஒதுக்கீடு 1,64,415 கோடி. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட வராது. இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது பெரிய தொகையே இல்லை என்று குழு எழுதியது.

அடுத்தது நிர்வாகத் தடை. இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். 25 வருடத்துக்கு மேற்பட்ட பழைய ஆவணங்களை வைத்திருப்பதில்லை, அதனால் பழையவர்களின் பணிக்காலத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றது துறை. செக்ரோலைத் தோட்டத்து ஆபீஸே தொலைத்துவிட்டு, உன் பேர் இல்லை, காசு இல்லை என்று தொழிலாளியிடம் சொல்வது போன்ற பதில் இது. குழு திருப்பிக் கேட்ட கேள்வி எளிமையானது. அந்தக் கிழவர்கள் எல்லோரும் மாதாமாதம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? ஏதோ ஒரு தாளைப் பார்த்துத்தானே தொகையை முடிவு செய்கிறீர்கள்? அந்தத் தாள் போதும். ஒரு தடவை உட்கார்ந்து திருத்தினால் முடிகிற வேலை.

சட்டத் தடைக்கு ஒரு பலம் இருந்தது. 1991-ல் உச்ச நீதிமன்றமே இதே கோரிக்கையை ஏற்க மறுத்திருந்தது. படைக்குக் கொடுத்தால் சிவிலியன் ஊழியரும் கேட்பார் என்ற பயம் வேறு. குழு அசையவில்லை. சிப்பாயின் பணி விதி வேறு, சிவிலியனின் விதி வேறு, இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றது. படையினருக்குத் தனிச் சம்பளக் கமிஷன் வேண்டும் என்றும் சேர்த்து எழுதியது.

2011 டிசம்பர் 19. குழுவின் 142-ஆவது அறிக்கை மாநிலங்களவையில் வைக்கப்பட்டது. மூன்று தடையும் ஏற்கத்தக்கதல்ல. ஒரே பதவி, ஒரே ஓய்வூதியத்தை உடனே கொடுங்கள் என்பது அதன் சாரம். முன்னாள் படைவீரர் முகாம்களில் அன்று நிச்சயம் இனிப்பு கொடுத்திருப்பார்கள்.

அவசரப்பட்டுவிட்டார்கள். நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்கலாம், அதிகாரியை வாயடைக்க வைக்கலாம், நாடே படிக்க அறிக்கை எழுதலாம். ஒரு ரூபாயை எடுத்துக் கொடுக்க அதற்கு அதிகாரம் கிடையாது. அது பரிந்துரை செய்யும். எந்தத் துறையைக் குற்றம் சொன்னதோ, அந்தத் துறைதான் பரிந்துரையை நிறைவேற்றவும் வேண்டும். கோஷ்யாரி குழு வாதத்தில் ஓர் இடத்திலும் தோற்கவில்லை என்பது என் தீர்ப்பு. வென்றவர் கையில் சாவி இல்லை, அவ்வளவுதான். இந்த அறிக்கைக்கு என்ன மதிப்பு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இப்போதே சொல்லிவிட்டால் தொடரின் ருசி போய்விடும். பொறுத்திருங்கள்.

2012 செப்டம்பரில் அமைச்சரவை கொஞ்சம் அசைந்தது. ஓய்வூதியப் பள்ளத்தைக் குறைக்க 2,300 கோடி ரூபாய் அறிவித்தார்கள். குழு எழுதிய வரையறை மட்டும் அதில் இல்லை. பழையவரும் புதியவரும் சமமாகவில்லை.

பிறகு 2014 பிப்ரவரி 17. தேர்தல் வாசலில் நிற்கிறது. மக்களவையில் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கிறார் சிவகங்கையைச் சேர்ந்த நிதியமைச்சர் ப. சிதம்பரம். ஒரே பதவி, ஒரே ஓய்வூதியத்தைக் கொள்கை அளவில் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது என்கிறார். நாற்பது வருடக் கோரிக்கை ஒரு வாக்கியத்தில் நிறைவேறியது போலத் தெரிந்தது. அடுத்து தொகையைச் சொன்னார்: 500 கோடி.

கோஷ்யாரி குழுவிடம் கொடுத்த கணக்கு 1,300 கோடி. அடுத்த வருடம், வேறொரு அரசாங்கத்தின் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் இதே திட்டத்துக்குச் சொன்ன தொகை 8,000 முதல் 10,000 கோடி வரை. யாருடைய பேனா இதை இப்படி வளர்த்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.