ஐந்து மில்லிகிராமின் மலையேற்றம்

அம்லோடிபின் மாத்திரை ஒன்றில் மருந்து என்று இருப்பது 5 மில்லிகிராம்தான். மீதியெல்லாம் அந்தத் துளியை விரலால் எடுத்து வாயில் போடும்படி உருவம் கொடுக்கச் சேர்த்தவை. சேர்வராயன் மலையில் நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம் பக்கத்து வீடுகளில் பிரஷர் மாத்திரை எங்கே என்று கேட்டால், அடுப்படி மாடத்திலிருந்தோ சாமி படத்துக்குப் பின்னாலிருந்தோ எடுத்துக் காட்டும் பட்டையில் பெரும்பாலும் இது இருக்கும். அந்த மாடம் வரைக்கும் இது வந்து சேர்ந்த கதை நீளமானது. கடைசிச் சில கிலோமீட்டர்தான் அதில் மிகக் கடினமானது என்பது என் கருத்து.

இந்த மாத்திரை இல்லாத காலத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம். 1944 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை ஹோவர்ட் ப்ரூயன் என்ற இளம் இதய மருத்துவர் பரிசோதித்தார். ரத்த அழுத்தம் 186/108. இதயம் வீங்கியிருந்தது. அவரால் கொடுக்க முடிந்தது டிஜிட்டாலிஸ், உப்புக் குறைத்த சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான். அழுத்தத்தை இறக்க ஒரு நல்ல மருந்து உலகத்திலேயே இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று வார்ம் ஸ்பிரிங்ஸில் தலைவலி என்று சொன்ன ரூஸ்வெல்ட் நினைவிழந்து சாய்ந்தார். அப்போது பார்த்த அளவு 300/190. மூளையில் ரத்தக்கசிவு. அன்று பிற்பகலே உயிர் போய்விட்டது. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த மனிதருக்குக் கிடைக்காத ஒன்று, இன்று காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகும் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்குக் காசில்லாமல் கிடைக்கிறது. இதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

அந்த வெற்றிடத்தை முதலில் நிரப்பியதில் நம் நாட்டு வேர் ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா வேரைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், 1949இல் அதைப் பற்றி பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். அழுத்தம் இறங்கியது. ஆனால் மருந்தே சிலரைச் சோர்விலும் தள்ளியது.

அம்லோடிபினின் பூர்வீகம் வேறு. 1882இல் ஆர்தர் ஹான்ட்ஷ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், டைஹைட்ரோபிரிடின் என்னும் வளைய மூலக்கூறுகளைச் செய்யும் வழியை எழுதி வைத்தார். மருந்து எதுவும் அவர் மனத்தில் இல்லை. எண்பது ஆண்டுக்கும் மேல் அது வேதியியல் புத்தகத்தில் கிடந்தது. 1960களில் ஃப்ரைபுர்க் நகரப் பேராசிரியர் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன், சில மருந்துகள் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து வேலை செய்கின்றன என்று கண்டார். ஹான்ட்ஷின் வளையக் குடும்பத்துக்கு அப்போதுதான் வேலை கிடைத்தது. முதலில் வந்த நிஃபெடிபின் கெட்டிக்கார மருந்து, ஆனால் அவசரக்காரன். கிடுகிடுவென அழுத்தத்தை இறக்கும், சில மணி நேரத்தில் விட்டுவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், நாளைக்கு மூன்று வேளை விழுங்க வேண்டும்.

நிதானமான ஒன்றைத் தேடி, இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் ஃபைசர் ஆய்வகத்தில் சைமன் கேம்ப்பெல் தலைமையிலான குழு 1980களின் தொடக்கத்தில் அம்லோடிபினைச் செய்தது. மாத்திரையாக்கும்போது ஒரு தொல்லை. மலியேட் உப்பாகச் செய்தது இயந்திர அச்சில் ஒட்டிக்கொண்டது, நாள்பட்டால் கெட்டும் போனது. பெசிலேட் உப்பாக மாற்றியதும் ஒட்டுவது நின்றது. இன்றும் பட்டையின் பின்பக்கம் அம்லோடிபின் பெசிலேட் என்றுதான் அச்சிட்டிருக்கும். அந்த உப்பின் மேல் வாங்கிய காப்புரிமை செல்லாது என்று 2007 மார்ச்சில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரில் அதுவரை காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. 2005 வரை அந்த நிலைதான். இந்திய நிறுவனங்கள் தங்கள் வழியில் அம்லோடிபினைச் செய்தன, விலை மளமளவென்று இறங்கியது. மலை வீட்டு மாடத்தில் இருக்கும் பட்டைக்கு அந்தச் சட்டம் எழுதியவர்களும் ஒரு வகையில் பொறுப்பு.

தமிழ்நாட்டுக்குள் வந்ததும் மாத்திரையின் வழி ஒழுங்காகிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்குகிறது. ஒவ்வொரு தொகுதிச் சரக்கிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறியதைத்தான் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது. எந்த நிறுவனத்துச் சரக்கு என்று ஆய்வகத்துக்குத் தெரியாதபடி அடையாளத்தை மறைத்து அனுப்பும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவமனைகளுக்குப் பாஸ்புக் உண்டு, அதில் உள்ள தொகைக்குத் தகுந்தபடி கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பட்டையில் ‘விற்பனைக்கு அல்ல’ என்ற அச்சு. சேலம் கிடங்கிலிருந்து கிளம்பும் பெட்டி அடிவாரத்தைத் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காடு வருகிறது. கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரம். மலையின் தட்டையான உச்சியில் சேர்வராயனும் காவேரி அம்மனும் குகைக்குள் இருக்கும் கோயில் அதற்கும் மேலே, 5,326 அடியில்.

ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரிவரை மாத்திரை வந்துவிட்டது. அங்கிருந்து வீட்டுக்கு?

இங்கேதான் பல ஆண்டுகள் சிக்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்றால் மலை இறங்குவார்கள், பல்வலி என்றால் இறங்குவார்கள். பிரஷருக்கு வலி கிடையாது. எனக்கு ஒண்ணும் பண்ணலையே, எதுக்கு மாத்திரை என்ற கேள்விக்கு மலையில் மட்டுமல்ல, சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பிலும் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் மலையில் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நாள் கூலி இருக்கிறது. அரை நாள் நடந்தோ பஸ்ஸுக்கு நின்றோ போய், வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவதற்குள் தோட்டத்து வேலை போய்விடும். ஒன்றும் செய்யாத நோய்க்காக யார் கூலியை விடுவார்கள்?

ஒன்றும் செய்யாத நோய் உள்ளே என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அழுத்தம் ஏறிய குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கிறது. தடித்த தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும், அதைக் கொண்டுவரும் குழாய்களோ உள்ளே புண்பட்டுக் கொழுப்பு படிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். 2002இல் லான்செட்டில் வந்த, பத்து லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒரு கணக்கைத் தெளிவாகச் சொன்னது. 40 முதல் 69 வயதுவரை, மேல் அளவு 115இலிருந்து ஒவ்வொரு 20 ஏறும்போதும் மாரடைப்பு போன்ற இதய நோயால் சாகும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது. 135க்கு இரண்டு மடங்கு, 155க்கு நான்கு, 175க்கு எட்டு. இத்தனைக்கும் 175 இருப்பவர் அன்று காலையும் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறியிருப்பார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார். பழைய சேலம் மாவட்டத்தின் வடக்குப் பகுதியில் இருந்த ஊர் அது. நோயாளி வராவிட்டால் மாத்திரை போகட்டும் என்பதுதான் திட்டத்தின் சாரம். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்த பெண் தன்னார்வலர்கள், பையில் பிரஷர் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைப் பட்டைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். 2024இல் இதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் விருதும் கிடைத்தது. எனக்கு விருதைவிட முக்கியமாகப் படுவது, அந்தப் பெண் அதே ஊர்க்காரி என்பது. “ஆயா, நேத்து மாத்திரை போட்டீங்களா?” என்று அவள் கேட்டால், பொய் சொல்லித் தப்ப முடியாது. பட்டையில் எத்தனை குழி காலி என்று பார்த்துவிடுவாள்.

விழுங்கிய பிறகும் மாத்திரைக்கு அவசரமில்லை. ரத்தத்தில் உச்ச அளவை எட்ட 6 முதல் 12 மணி நேரம் ஆகிறது. பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம். குழாய்ச் சுவர்த் தசைக்குள் கால்சியம் போகும் வாசல்களை மெதுவாக அடைக்கிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. ஒரு வேளை மறந்து மறுநாள் போட்டாலும் அழுத்தம் சட்டென்று எகிறாது. மழையில் வழுக்கும் பாதை, தாமதமாகும் பஸ், திருவிழா, துக்கம் எல்லாம் உள்ள ஒரு மலை வாழ்க்கைக்கு இந்தப் பொறுமை பெரிய துணை. ஆனால் மாதக்கணக்கில் விட்டால் எந்த மருந்தும் தாங்காது. வெளியூர் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சங்கிலி அறுவது அங்கேதான். இன்னொரு இடம் கணுக்கால். இந்த மருந்தால் சிலருக்குக் கால் வீங்கும். நாளெல்லாம் சரிவில் நின்று வேலை செய்கிறவருக்கு அது பெரும் தொல்லை. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், பட்டை மாடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். கால் வீக்கம் மருந்தால் வரலாம், வேறு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்தமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இரவில் நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் இப்போது ஒரு பாதிப் பதில் உண்டு. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாடின் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைத்தார்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அந்த இருபது வளைவு இறங்குவதற்கு முன்பே முதல் வேளை மருந்து உள்ளே போய்விடலாம்.

சரி, மாத்திரை வந்துவிட்டது. அழுத்தம் இறங்கியதா? 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற உடல்நலக் கணக்கெடுப்பில், வயதுவந்தோரில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 100க்கு 7 பேர். திட்டம் தொடங்குவதற்கு முந்திய கணக்கு அது, அதன் பிறகு நிலை மாறியிருக்க வேண்டும். ஆனால் மேடைகளிலும் அறிக்கைகளிலும் காதில் அதிகம் விழுவது எத்தனை பேருக்கு மாத்திரை சென்றது என்ற எண்தான். மாத்திரை கொடுத்த கணக்கு வேறு, உயிர் காத்த கணக்கு வேறு. 5 மில்லிகிராம் போதாத உடம்புக்கு அளவைக் கூட்ட வேண்டும், அல்லது இரண்டாவது மருந்து சேர்க்க வேண்டும். அதைத் தன்னார்வலர் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த 164 என்ற எண் சுகாதார நிலைய மருத்துவரிடம் போய், மாற்றிய சீட்டு அதே மாதம் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் போதாத மாத்திரையே வருஷக்கணக்கில் ஒழுங்காக மலையேறிக்கொண்டிருக்கும்.

ஏற்காடு ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் மாத்திரை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் 140/90க்குக் கீழே இருக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடலாம். அளக்கும் கருவி ஏற்கெனவே அந்தப் பெண்களின் பையில் இருக்கிறது.