வாசிப்புக் குறைபாடும் துணைப் பயிற்சியும்: ஒரு வரலாறு

பேச்சிலும் கணக்கிலும் கெட்டிக்காரராக இருக்கும் சில குழந்தைகள், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துக் கூட்டத் திணறுவார்கள். இது வாசிப்புக் குறைபாடு அல்லது டிஸ்லெக்சியா எனப்படும். இக்குழந்தைகளை "மக்கு", "சோம்பேறி" என்று ஒதுக்கிய காலம் ஒன்று உண்டு. அவர்களுக்கென்று தனிப் பயிற்சி உருவான வரலாறு மருத்துவர்களிடமிருந்து தொடங்குகிறது.

1896ஆம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மோர்கன், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அவன் அறிவுக்கூர்மை உடையவன், கணக்குப் போடுவான், ஆனால் தன் பெயரைக்கூடப் பிழையாக எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் அவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. குறை அறிவில் இல்லை என்பதை இப்பதிவு காட்டியது. கிளாஸ்கோ நகரின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட், 1917இல் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இத்தகைய குழந்தைகளுக்குத் தனியாகக் கற்பிக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1920களில் இக்குழந்தைகளை ஆராய்ந்தார். அவருடன் பணியாற்றிய உளவியலாளர் அன்னா கில்லிங்காமும் ஆசிரியை பெஸ்ஸி ஸ்டில்மனும் 1930களில் ஆசிரியர் கையேடு ஒன்றை உருவாக்கினர். எழுத்தைக் கண்ணால் பார்த்து, ஒலியைக் காதால் கேட்டு, வாயால் சொல்லி, கையால் எழுதிப் பழகுவது இம்முறை. ஒரு படி நன்கு பதிந்த பிறகே அடுத்த படி. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் வாயால் சொல்லிக்கொண்டே மணலில் எழுதியதை இது நினைவூட்டும்.

1963இல் சாமுவேல் கிர்க் "கற்றல் குறைபாடு" என்னும் பெயரைப் பரவலாக்கினார். 1975இல் அமெரிக்கச் சட்டம் இக்குழந்தைகளுக்கும் சிறப்புக் கல்வியை உரிமையாக்கியது. இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத இக்குறைபாடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

ஆங்கிலத்துக்கு வகுத்த பயிற்சியைத் தமிழுக்கு அப்படியே பயன்படுத்த இயலாது. "கெ" என்பதில் கொம்பு முதலில் கண்ணில் படுகிறது. அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னரே வருகிறது. ல, ள, ழ வேறுபாடும் குழப்பும். எனவே தமிழ் எழுத்துக்கேற்ற படிவரிசை தேவை.

திணறும் குழந்தையிடம் அதே பாடத்தைப் பத்து முறை எழுதச் சொல்வது பயிற்சி ஆகாது. கற்பிக்கும் முறையை மாற்றுவதே பயிற்சி என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.