ஏரியும் பாடும்

பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலைப் பற்றியும் குருக்களைப் பற்றியும் எழுதுவது வழக்கம். ஆயினும் பழவேற்காட்டில் நம் வீடுகளில் உலை கொதித்தது ஏரியால். ஆகவே ஏரியில் நம் முன்னோர் வகுத்துக்கொண்ட பாடு முறையைப் பற்றிச் சில வரிகள் எழுதி வைக்க விழைகிறோம்.

இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது நம் ஏரி. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீர் கொண்டு வருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. 1613-இல் டச்சுக்காரர் இங்குக் கெல்திரியா கோட்டையைக் கட்டித் துணி வாணிகம் நடத்தினர். கோட்டையும் வாணிகமும் மறைந்தன. மீன்பிடித் தொழில் நிலைத்தது.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்பும். அவ்வழியில் கழி ஊன்றிச் சுற்று வலை கட்டுவோருக்கே நல்ல வரும்படி. அத்தகைய இடங்களோ முகத்துவாரத்தை அடுத்துச் சிலவே. வலியவன் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் நாள்தோறும் சண்டைதான். எனவே இன்று ஒரு சாரார், நாளை மற்றொரு சாரார் என்று முறை வைத்தனர். இதுவே பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இதற்கு உரியவை. உரிமை பெற்றவர் தலைக்கட்டு எனப்படுவார். நல்ல இடம் எவருக்கும் நிரந்தரமாக அமைவதில்லை. கடலுக்கு அப்பால் நீர்கொழும்புக் களப்பிலும் கத்தோலிக்க மீனவர்கள் கட்டு வலைக்குரிய இடங்களைச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்வது குறிப்பிடத்தக்கது.

இம்முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். மற்றக் குப்பங்களுக்கு அதில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. நீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் புறத்தேதான் நின்றன. இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்தபின் இவ்வழக்குகள் முற்றின. முகத்துவாரம் மணல் தூர்ந்து மூடிக்கொண்ட ஆண்டுகளும் உண்டு. அப்போது உரிமை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே துன்பம்.

ஜூபிலி ஆண்டில் அவரவர் காணி அவரவரிடம் திரும்ப வேண்டும் என்பது லேவியர் நூலின் கட்டளை. ஏரியில் நம் முன்னோர் தமக்குள் இதையொத்த நீதியைக் கடைப்பிடித்தனர். அதைக் காப்பதோடு, வெளியே நிற்போருக்கும் ஒரு பங்கு கிடைக்கச் செய்வது நம் கடமையாகும். அதற்கு முதலில் ஏரியின் வாய் திறந்திருக்க வேண்டும்.