கோபுரங்களைக் காப்பாற்றிய வறுமை: சான் ஜிமின்யானோவின் கதை

இத்தாலி என்றதும் நம்மில் பலருக்கு ரோம், வெனிஸ், பைசாவின் சாய்ந்த கோபுரம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். வரலாற்றுப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்குக் கூடுதலாக ஃப்ளோரன்ஸ். இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு குன்றின் மேல் ஒதுங்கி நிற்கும் சின்னஞ்சிறு ஊரைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். ஊரின் பெயர் சான் ஜிமின்யானோ. (ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் 'ஜிமிக்னானோ' என்று படிக்கத் தோன்றும். அந்த 'க்' இத்தாலியர் வாயில் வராது!)

நான் அங்கே போனதில்லை. ஆனால் இந்த ஊரின் படத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பச்சைக் குன்று, சுற்றிலும் திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரங்கள், உச்சியில் மதில் சூழ்ந்த ஊர். அதற்குள்ளிருந்து நெட்டுக்குத்தாக எழும்பும் சதுரக் கற்கோபுரங்கள். 'இடைக்காலத்தின் மன்ஹாட்டன்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கோபுரம் என்றதும் நமக்குக் கோயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தனிப்பட்ட பணக்காரக் குடும்பங்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை. ஏன் கட்டினார்கள், இவை மட்டும் எப்படித் தப்பின என்பதுதான் சுவாரசியமான கதை.

சாலை தந்த வாழ்வு

டஸ்கனி மாநிலத்தில், சியனா மாவட்டத்தில், எல்சா ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். மொடேனா நகரத்து ஆயராக இருந்த புனித ஜெமினியானுஸின் பெயரைத் தாங்கியது. ஹூணர் படையெடுப்பிலிருந்து அவர்தான் ஊரைக் காத்தார் என்பது ஐதீகம்.

ஐதீகம் இருக்கட்டும், ஊரை வளர்த்தது ஒரு சாலை. வட ஐரோப்பாவிலிருந்து ரோமாபுரிக்கு யாத்திரை போகிறவர்கள் நடந்த 'வியா ஃபிராஞ்சிஜெனா' என்ற பெருவழி இந்தக் குன்றின் மேல் ஏறி இறங்கியது. 990ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் சிகெரிக் ரோம் போய்த் திரும்பியபோது, தங்கிய இடங்களை வரிசையாகக் குறித்து வைத்தார். மொத்தம் 79 இடங்கள். அந்தப் பட்டியலில் சான் ஜிமின்யானோவும் உண்டு.

யாத்ரீகர் வந்தால் சத்திரம் வேண்டும், சாப்பாடு வேண்டும். அவர்கள் பின்னாலேயே வியாபாரிகள் வருவார்கள், காசு புழங்கும். அப்படித்தான் ஊர் செழித்தது. திராட்சை மதுவோடு இன்னொரு விளைபொருளும் பெயர் வாங்கித் தந்தது: குங்குமப்பூ! அந்தக் காலத்தில் அது சாயத்துக்கும் சமையலுக்கும் மருந்துக்கும் வேண்டிய, தங்கத்துக்கு நிகரான சரக்கு. ஊர் நிர்வாகம் தன் கடனைக் குங்குமப்பூவாகவே கொடுத்து அடைத்ததும் உண்டு. கையில் பணம் சேர்ந்ததும் தைரியம் வந்தது. வோல்தெர்ரா ஆயரின் ஆட்சியிலிருந்து விலகி, 1199இல் தன்னைத் தானே ஆளும் ஊரானது.

நீ பெரியவனா, நான் பெரியவனா?

பணம் வந்தால் போட்டியும் வந்துவிடும் அல்லவா? அப்போது இத்தாலி முழுவதும் இரண்டு கட்சிகள். போப்பாண்டவர் பக்கம் நின்றவர்கள் குவெல்ஃப்கள், பேரரசர் பக்கம் நின்றவர்கள் கிபெலின்கள். சான் ஜிமின்யானோவில் அர்திங்கெல்லி குடும்பம் குவெல்ஃப், சால்வூச்சி குடும்பம் கிபெலின். ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இரண்டு பகையாளிகள்.

கோபுரம் இந்தச் சண்டையின் ஆயுதம், அதே சமயம் விளம்பரப் பலகை. உள்ளே ஒன்றும் அரண்மனை போல இருக்காது. கனத்த சுவர், குறுகலான அறைகள், மரப்படிகள், சிறிய ஜன்னல்கள். வசதியாக வாழ விரும்புகிறவர் இப்படிக் கட்ட மாட்டார். ஆபத்து வந்தால் உள்ளே பதுங்கலாம், மேலேயிருந்து கல்லெறியலாம். ஆபத்து இல்லாத நாளில், 'எங்கள் வீடு எவ்வளவு உயரம் பார்' என்று ஊருக்குக் காட்டலாம்.

இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் கட்டிக் கட்டி, கோபுரங்களின் எண்ணிக்கை 72ஐ எட்டியது என்கிறார்கள். தாங்காமல் ஊராட்சி 1255இல் ஒரு சட்டம் போட்டது. சுமார் 51 மீட்டர் உயரமுள்ள ரொஞ்ஞோசா கோபுரத்தை விட உயரமாக எந்தத் தனியாரும் கட்டக் கூடாது! சால்வூச்சிகள் என்ன செய்தார்கள்? ஒன்றுக்குப் பதில் இரட்டைக் கோபுரம் கட்டினார்கள். அர்திங்கெல்லிகளும் சும்மா இருக்கவில்லை, அவர்களுக்கும் ஒரு ஜோடி. கடைசியில் ஊராட்சியே 54 மீட்டரில் 'தொர்ரே குரோஸ்ஸா', அதாவது பெரிய கோபுரம், ஒன்றைக் கட்டி 1311இல் முடித்தது. எல்லோரையும் விடப் பெரியது ஊர்தான் என்று கல்லில் சொன்ன பதில் அது.

அதை ஒட்டியுள்ள ஊராட்சி மாளிகைக்கு 1300ஆம் ஆண்டு மே மாதம் ஒரு தூதர் வந்தார். டஸ்கனி ஊர்களின் குவெல்ஃப் கூட்டணிக்கு ஆதரவு கேட்டு ஃப்ளோரன்ஸ் அனுப்பிய அவர் பெயர் தாந்தே. ஆம், மகாகவி தாந்தேதான்! அவர் பேசிய கூடத்துக்கு இன்றும் அவர் பெயர். இரண்டே ஆண்டில், 1302இல், கட்சிச் சண்டை அவரையே சொந்த ஊரிலிருந்து நாடு கடத்தியது.

1348

அந்த ஆண்டு கருப்புச் சாவு என்னும் கொள்ளைநோய் வந்தது. ஊர்மக்களில் பெரும்பகுதியினர் மாண்டார்கள். மிச்சம் இருந்தவர்களாவது ஒற்றுமையாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1352இல் சால்வூச்சிகளின் தூண்டுதலால் அர்திங்கெல்லி குடும்பத்து இளைஞர் இருவரின் தலை வெட்டப்பட்டது. பதிலுக்குச் சால்வூச்சிகளின் வீடுகள் எரிந்தன. ஆள் இல்லை, காசு இல்லை, அமைதியும் இல்லை. 1353இல் சான் ஜிமின்யானோ ஃப்ளோரன்ஸுக்குப் பணிந்தது. சுமார் 150 ஆண்டு சுயாட்சி முடிந்தது. யாத்ரீகர் போக்குவரத்தும் மெல்ல மெல்லக் கீழே பள்ளத்தாக்குச் சாலைக்கு மாறிவிட்டது. வாழ்வு தந்த சாலையே கைவிட்ட பிறகு அந்தக் குன்றில் ஏற யாருக்கு என்ன வேலை?

முழுக்க இருண்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1464இல் மறுபடி கொள்ளைநோய் தாக்கியபோது, மக்களைத் தன் மேலங்கிக்குள் காக்கும் புனித செபஸ்தியாரின் சுவரோவியத்தைப் பெனோஸ்ஸோ கொஸ்ஸோலி தீட்டினார். 1253இல் பதினைந்து வயதில் இறந்த ஃபீனா என்ற ஏழைப் பெண்ணை ஊரார் புனிதையாகக் கொண்டாடினார்கள். 1470களில் கிர்லாந்தாயோ அவளுடைய இறுதிச் சடங்கை வரைந்தார். அந்த ஓவியத்தின் பின்னணியில் பாருங்கள், ஊரின் கோபுரங்கள் தெரியும்.

தோற்றதால் பிழைத்தது

இப்போது முக்கியமான கேள்வி. கோபுரம் கட்டியது சான் ஜிமின்யானோ மட்டுமல்ல. ஃப்ளோரன்ஸிலும் பொலோன்யாவிலும் இதைவிட அதிகமாகவே இருந்தன. ஃப்ளோரன்ஸில் 1250இல் ஆட்சியைப் பிடித்த சாதாரணக் குடிமக்கள், பிரபுக்களின் கோபுரங்களைக் குட்டையாக்கச் சட்டம் போட்டார்கள். பிறகு அந்த ஊர்கள் வளர்ந்தன. புது மாளிகை, அகலமான தெரு, புதிய பாணி என்று வந்ததும் பழைய கோபுரங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பவையாகிவிட்டன. சான் ஜிமின்யானோவில் இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லை. பணம் இருந்தவர்களுக்கு இங்கே கட்ட ஆசை இல்லை. பல கோபுரங்கள் சரிந்தும் குட்டையாக்கப்பட்டும் போயின. எண்ணுகிற விதத்தைப் பொறுத்து 13 அல்லது 14 மட்டும் நின்றுவிட்டன.

ஆக, ஊரைக் கட்டியது பணம், காப்பாற்றியது வறுமை!

1990இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 'வெர்னாச்சா' வெள்ளை மதுவுக்கு 1966இலேயே அரசின் தரச் சான்று கிடைத்திருந்தது. குங்குமப்பூவுக்கும் 2005இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு முத்திரை கிடைத்தது. ஒரு காலத்தில் யாத்ரீகர்களால் வாழ்ந்த ஊர் இன்று சுற்றுலாப் பயணிகளால் வாழ்கிறது. அங்கேதான் எனக்குக் கொஞ்சம் கவலை. சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்த்தே ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள். மதிலுக்குள் வசிப்பவர்கள் இன்னும் குறைவு. மளிகைக் கடை இருந்த இடத்தில் நினைவுப் பொருள் கடை வந்தால் வாசலில் கூட்டம் இருக்கும், வீட்டுக்குள் குடும்பம் இருக்காது. கல்லைப் பாதுகாக்க யுனெஸ்கோ இருக்கிறது. அந்தக் கல்லுக்குள் சமைத்து, சண்டை போட்டு, பிள்ளை வளர்க்கிற வாழ்க்கையைப் பாதுகாப்பது யார்? வறுமையைத் தாங்கி நின்ற ஊர், இந்த இரண்டாவது செல்வத்தையும் தாங்க வேண்டும்.

வசந்த காலத்தில் அந்தக் கோபுரங்களின் கல்லிடுக்குகளில் மஞ்சள் பூக்கள் பூக்குமாம். ஃபீனா இறந்த மார்ச் மாதத்து நாளில் முதன்முதலாகப் பூத்தவை என்று அவற்றுக்கு அவள் பெயரையே வைத்திருக்கிறார்கள். அர்திங்கெல்லியும் சால்வூச்சியும் தங்கள் பெயர் நிலைக்க அத்தனை உயரம் கட்டினார்கள். அந்தச் சுவர்களில் ஆண்டுதோறும் பூப்பது என்னவோ ஓர் ஏழைப் பெண்ணின் பெயர்தான்.